கல்லாற்றுக்குப் பின்னால் ஒரு மலை

வீட்டில் இருப்பவர்களுக்கு அது பொம்மை ரயில். எங்களுக்குள் மாடல் ரயில்வே என்று கொஞ்சம் மரியாதையாகச் சொல்லிக்கொள்வோம். இந்தப் பித்துப் பிடித்தவர்கள் காசைக் கரைக்கும் வரிசை எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான். முதலில் இன்ஜின். அப்புறம் பெட்டிகள், தண்டவாளம், ஸ்டேஷன், சிக்னல், மரங்கள். கையில் பணமும் மனசில் தெம்பும் தீரும் நேரத்தில்தான் பலகைக்குப் பின்னால் நிற்கும் வெள்ளைச் சுவர் கண்ணை உறுத்த ஆரம்பிக்கும். பேக்டிராப் என்று ஒன்று வேண்டுமே என்ற நினைப்பு அப்போதுதான் வரும். மீதியிருக்கும் நீல எமல்ஷனை அடித்துவிட்டு, ஆகாயம் முடிந்தது என்று கையைக் கழுவிக்கொள்பவர்கள் நிறையப் பேர்.

கோயம்புத்தூரில் எங்கள் வீட்டு மாடி அறையில், வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் நான் கட்டத் தொடங்கியது கல்லாறு ஸ்டேஷன். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி போகும் மலை ரயிலில் 46 கிலோமீட்டருக்கும் பார்க்க இடமுண்டு. 16 குகைகள், 250 பாலங்கள், தேயிலைச் சரிவுகள், வெலிங்டன், கேத்தி, லவ்டேல் என்று ஒவ்வொன்றும் அழகான ஸ்டேஷன்கள். படம் எடுப்பவர்கள் மேலேதான் போவார்கள். எனக்குக் கல்லாறு பிடிக்கும். அதுவரை அது சமவெளி ரயில். பவானிப் பாலத்தைத் தாண்டி, பாக்குத் தோப்புகளுக்கு நடுவே சாதாரண மீட்டர்கேஜ் வண்டியாக வரும். கல்லாறு தாண்டியதும் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவில் பல்சட்டம் தொடங்குகிறது. இன்ஜினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொள்ள, பன்னிரண்டரை அடிக்கு ஓரடி என்ற ஏற்றத்தில் வண்டி ஏறும். இன்ஜின் பின்னாலிருந்து தள்ளும். ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் பிரேக்காரர் ஒருவர் கொடியோடு நிற்பார். 1899இல் குன்னூர் வரை திறக்கப்பட்ட நாளிலிருந்து மலையேற்றத்துக்கு வாசல் இந்த இடம்தான். தோப்பும் மலையும் ஒரே பார்வையில் கிடைக்கும்.

பலகையின் நீளம் எட்டடி, அகலம் இரண்டரை அடி. அளவு 1:87. அதாவது உண்மையில் 87 அடி என்பது என் பலகையில் ஓரடி. ஒரு மீட்டர் இடைவெளியுள்ள மீட்டர்கேஜ் பாதைக்கு இந்த அளவில் 12 மில்லிமீட்டர் தண்டவாளம் வேண்டும். ஜெர்மனியில் பெமோ என்ற நிறுவனம் சுவிஸ் மலை ரயில்களுக்காக இதைச் செய்கிறது, பல்சட்டத்தோடு. ஸ்டுட்கார்ட்டில் வேலை பார்க்கும் அக்கா மகன் ஊருக்கு வரும்போதெல்லாம் பெட்டியில் துணிமணிக்கு நடுவே கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவந்தான். ஒரு தடவை சுருட்டிய காகிதம் ஒன்றையும் நீட்டினான். ஃபாலர் கம்பெனி அச்சடித்து விற்கும் பின்புலக் காட்சி. ஆல்ப்ஸ் மலை, பனிமூடிய உச்சிகள், அடிவாரத்தில் ஒரு தேவாலயக் கோபுரம்.

"மாமா, இந்த இன்ஜின் பொறந்த ஊரே சுவிட்சர்லாந்துதானே. அதோட சொந்த மலைய வெச்சா என்ன?" என்றான்.

அவன் சொன்னதில் பாதி சரி. நீலகிரியின் எக்ஸ் வகை நீராவி இன்ஜின்கள் விண்டர்தூரில் எஸ்.எல்.எம். ஆலையில் செய்யப்பட்டவைதான். பொன்மலைப் பணிமனை பின்னாளில் புதிதாகச் செய்தவையும் அதே வடிவத்தில் வந்தவையே. காகிதத்தைப் பலகைக்குப் பின்னால் நிறுத்திப் பார்த்தோம். இன்ஜினுக்குப் பொருந்தியது. பாக்கு மரத்துக்குப் பொருந்தவில்லை. நான் கம்பியும் சாயமேற்றிய சணல் நாரும் கொண்டு செய்திருந்த தோப்பு, பனிமலைக்கு முன்னால் வழிதவறி வந்ததுபோல் நின்றது. அக்கா மகனே சிரித்துவிட்டான்.

அன்று இரவு ஒரு கணக்குப் போட்டேன். என் எட்டடிப் பலகை நிஜத்தில் 212 மீட்டர். ஸ்டேஷன் முற்றம், ஒரு வளைவு, கொஞ்சம் தோப்பு, அவ்வளவுதான் அடங்கும். குன்னூர் 1,712 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கல்லாற்றிலிருந்து பார்த்தால் ஏறக்குறைய 1,300 மீட்டர் மேலே. அதை 87ஆல் வகுத்தால் 15 மீட்டர். மலையை அதே அளவில் கட்ட நினைத்தால் கூரையைப் பிரித்துக்கொண்டு ஐந்து மாடி எழும்ப வேண்டும். கலிபோர்னியாவின் மான்டரேயில் ஜான் ஆலன் என்பவர் தரையிலிருந்து கூரை வரைக்கும் மலையாகவே கட்டினார். பாதை இன்னும் நீளுவதுபோல் தோன்றக் கண்ணாடிகளையும் ஒளித்துவைத்தார். 1973இல் அவர் இறந்த சில நாட்களிலேயே தீயில் எல்லாம் போயிற்று. மாடல்காரர்கள் இன்றும் அந்தப் படங்களைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். அவராலும் தரைக்கும் கூரைக்கும் நடுவில் கிடைத்த உயரத்தைத்தான் மலையாக்க முடிந்தது. மீதியெல்லாம் கண்ணை ஏமாற்றுவதுதான். என் மலையும் சுவரில் தட்டையாகத்தான் நிற்க வேண்டும் என்று அன்றைக்கு முடிவாயிற்று. எந்த மலை, எப்படிப்பட்ட மலை என்பதுதான் பாக்கி.

போட்டோ எடுத்து ஃப்ளெக்ஸில் அடித்துவிடலாம் என்பது எல்லோரும் சொன்ன யோசனை. செலவும் குறைவு. செல்போனில் நான் எடுத்த படங்களை ஒட்டிச் சேர்த்து, ஒரு கடையில் எட்டடிக்கு மூன்றடியாக அச்சடித்து வாங்கினேன். சுவரில் மாட்டியதும் என் மனைவி மாடிக்கு வந்து பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. கல்யாண மண்டபத்து ஸ்டேஜ் மாதிரி இருக்கு" என்றாள்.

என்ன கோளாறு என்று தெரிய நேரம் பிடித்தது. ஃப்ளெக்ஸின் பளபளப்பில் விளக்கு வெளிச்சம் பட்டு ஆகாயத்தில் ஒரு வெள்ளைத் திட்டு. அதை மேட் வினைலில் அடித்துச் சரிசெய்துவிடலாம். பெரிய சங்கடம் வேறு. செல்போன் லென்ஸ் அகலமாகப் பார்க்கும். தூரத்தில் இருப்பதைச் சின்னதாக்கிவிடும். கல்லாற்றில் நின்றால் தலைக்கு மேல் கவிந்து நிற்கும் மலை, படத்தில் தோப்புக்குப் பின்னால் மேடுபோல் படுத்திருந்தது. இன்னொன்று, படத்தில் எல்லாமே துல்லியம். மூன்றாவது மலைமுகட்டிலும் மரம் மரமாகத் தெரிந்தது. நிஜத்தில் அந்தத் தூரத்தில் நம் கண் மரத்தைப் பார்க்காது, நிறத்தைத்தான் பார்க்கும். துல்லியம் கூடக்கூடத் தூரம் குறைந்தது. பல கிலோமீட்டர் தள்ளியிருக்க வேண்டிய மலை, சுவரில் ஒட்டிய காகிதமாகவே நின்றது.

சினிமா பேனர் வரைந்த ஓவியர் ஒருவரைத் தேடிப் போனது இதற்கப்புறம்தான். ஃப்ளெக்ஸ் வந்து அவர் தொழிலை அடித்துக்கொண்டு போயிருந்தது. தியேட்டர் வாசலில் நாற்பதடி முகங்களை வரைந்தவர், இப்போது பள்ளிக்கூடச் சுவர்களில் யானையும் அ, ஆவும் எழுதிக்கொண்டிருந்தார். நாடகக் கம்பெனிகளுக்குச் சீன் படுதா வரைந்தவர்களிடம் சின்ன வயதில் எடுபிடியாக இருந்தவர் என்பது பேச்சுவாக்கில் தெரிந்தது. நம் பக்கத்தில் அது பெரிய பரம்பரை. நாடு முழுக்கப் பூஜையறைகளில் தொங்கிய காலண்டர் படங்களை வரைந்த கோவில்பட்டி கொண்டையராஜூவும் நாடகத் திரைகள் வரைந்தவர்தான். அரண்மனை, காடு, தர்பார், கைலாசம் என்று சுருட்டி மாட்டுவண்டியில் ஏற்றிப்போன திரைகள் அவை. பின்னாலிருக்கும் படம் முன்னால் நிற்கும் ஆளை விழுங்கிவிடக் கூடாது என்பதை அந்த ஆட்கள் பழக்கத்தில் அறிந்திருந்தார்கள்.

ஓவியர் மாடிக்கு வந்தார். இன்ஜினைப் பார்க்கவில்லை. அறையின் வாசலில் நின்றார், ஜன்னலோரம் நின்றார், குனிந்தார், நிமிர்ந்தார். பிறகு கேட்டார்:

"ஏனுங் சார், வர்றவங்க இத எங்க நின்னு பாப்பாங்க?"

"இங்கேதான். பலகைக்கு முன்னாடி."

"நின்னுட்டா, உக்காந்துட்டுங்களா?"

அது அப்படியென்ன பெரிய கேள்வி என்றுதான் முதலில் நினைத்தேன். பலகை தரையிலிருந்து மூன்றரை அடி உயரத்தில் இருந்தது. நிற்பவரின் கண் ஐந்தடியில். ஒன்றரை அடி வித்தியாசம். 1:87 கணக்கில் அது 130 அடி. ஆக, என் ஸ்டேஷனைப் பார்க்க வருகிறவர் பிளாட்பாரத்தில் நிற்கவில்லை. பாக்குத் தோப்புக்கு மேலே 130 அடியில் மிதந்துகொண்டிருக்கிறார். நானோ தரையில் நின்று எடுத்த போட்டோவை அவருக்குப் பின்புலமாக மாட்டியிருந்தேன். சமவெளியில் தொடுவானம் எப்போதும் பார்ப்பவரின் கண்மட்டத்தில்தான் விழும். கடற்கரையில் உட்கார்ந்து எழுந்தாலே இது புரியும். பலகையில் இருக்கும் தரை ஓர் உயரத்திலிருந்து தெரிய, பின்னாலிருக்கும் படம் வேறோர் உயரத்திலிருந்து தெரிந்தால், ஏன் என்று சொல்லத் தெரியாவிட்டாலும் கண் ஒப்புக்கொள்ளாது.

"உக்கார வெச்சுப் பாக்க வைங்க சார். வரையறது எனக்குச் சுலபம், பாக்கறது அவங்களுக்குச் சுகம்" என்றார் அவர். நாற்காலியில் உட்கார்ந்தவரின் கண் தரையிலிருந்து நாலடி. பலகைக்கு மேலே அரையடிதான். நிஜத்தில் 43 அடி, தோப்பின் தலைமட்டம். அன்றிலிருந்து அந்த அறையில் இரண்டு நாற்காலிகள் போட்ட இடத்தை விட்டு நகர்வதில்லை.

அடுத்தது எந்த நேரம் என்பது. எனக்கு மாலை நேரத்தின்மேல் ஆசை. ஊட்டியிலிருந்து இரண்டு மணிக்குக் கிளம்பும் வண்டி கல்லாற்றுக்கு இறங்கி வரும்போது வெயில் சாய்ந்திருக்கும். மலைக்குப் பின்னால் ஆரஞ்சு ஆகாயம், முகட்டில் மேகம், பார்த்தவர்கள் ஆகாவென்பார்கள் என்று நினைத்திருந்தேன். ஓவியர் தட்டிப் பேசவில்லை. ஒருநாள் விடிகாலையில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று மட்டும் சொன்னார்.

ஊட்டி ரோட்டில், கல்லாற்றுக்குப் பக்கத்தில், கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கும் முன்பாக இறங்கி நின்றோம். மேட்டுப்பாளையத்தில் 7.10க்குப் புறப்படும் வண்டி வரும் நேரம். சூரியன் எங்கள் முதுகுப் பக்கம். மலையின் முகம் முழுக்க வெளிச்சம். எதிரே குன்னூர்ச் சரிவு, ஒரு பக்கம் பக்காசுரன் மலையின் முகடு. ஓவியர் கையை நீட்டி முஷ்டியை மடக்கி, பிரஷ்ஷால் அளப்பதுபோல் ஒற்றைக் கண்ணால் அளந்தார். "ஒன்றரைக் கை" என்றார். நீட்டிய கையின் முஷ்டி ஏறக்குறைய 10 டிகிரியை மறைக்கும் என்பார்கள். ஆக 15 டிகிரி. பின்புலத்திலிருந்து நாலடி தள்ளி உட்கார்பவருக்கு அது கண்மட்டத்துக்கு மேலே ஓரடிக்குச் சற்று அதிகம். பலகையிலிருந்து கணக்கிட்டால் மலை உச்சி ஒன்றரை அடிக்குக் கொஞ்சம் மேல். போட்டோவில் அது ஒன்பது அங்குலம்தான் இருந்தது. எனக்கு வேண்டிய மலையின் உயரம் அந்த ஒரு கை நீட்டலில் கிடைத்துவிட்டது.

தோப்புக்குள் விசில் கேட்டது. நீலமும் வெளிர்மஞ்சளுமான பெட்டிகள் மரங்களுக்கிடையே விட்டுவிட்டுத் தெரிந்தன. அப்போது அவர் சொன்னதுதான் மாலை ஆசைக்கு முற்றுப்புள்ளி வைத்தது.

"சாயங்காலம் இந்த மலை கருப்பா நிக்குமுங்க. வெளிச்சம் மலைக்குப் பின்னால இருக்கும். அப்ப முன்னால இருக்கற உங்க ஸ்டேஷன், மரம், வண்டி எல்லாமே நெழல்ல இருக்கோணும். நீங்க அதுக்கு மேல லைட்டப் போட்டு வெச்சிருக்கீங்க."

பின்புலம் என்றால் பலகைக்குப் பின்னால் மாட்டும் ஒரு படம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அந்தப் படம் ஒரு பொழுதையும் ஒரு வெயிலையும் குறித்துவிடுகிறது. குறித்த பிறகு பலகை மேலிருக்கும் அத்தனையும் அதற்குக் கட்டுப்பட வேண்டும். ஆரஞ்சு வானத்தைத் தேர்ந்தால் தோப்பின் பச்சை மங்க வேண்டும், பெட்டிகளின் நீலம் சாம்பலாக வேண்டும், ஸ்டேஷனில் விளக்கு எரிய வேண்டும். காலை ஏழரையைத் தேர்ந்தால் அறை விளக்கு பார்ப்பவரின் பக்கத்திலிருந்து வர வேண்டும், நிழல்கள் மலையை நோக்கி விழ வேண்டும். நான் இன்ஜினை ஓட்டிக்காட்டுவது வெளிச்சத்தில் தெளிவாகத் தெரிவதற்காக. அப்படியானால் எனக்குக் காலைதான். ஆகாவென்று சொல்லவைக்கும் ஆகாயத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

வேலை தொடங்கியது. மூன்று மில்லிமீட்டர் ஹார்டுபோர்டை வாங்கி, அறையின் மூலையில் மடிப்பு விழாமல் வளைத்துச் சுவரோடு திருகினோம். ஆகாயத்தில் மூலைக்கோடு ஒன்று தெரிந்தால் அப்புறம் எந்த ஓவியராலும் காப்பாற்ற முடியாது. இணைப்புகளில் பட்டி பார்த்து, உப்புத்தாளால் தேய்த்து, பளபளப்பில்லாத எமல்ஷன் அடித்தோம். மேலே நீலம், கீழே வரவர வெள்ளை கலந்து, முகட்டைத் தொடும் இடத்தில் கிட்டத்தட்ட பால் நிறம். காய்வதற்குள் ஈரப் பஞ்சால் ஒற்றி ஒற்றி இரண்டையும் கரைத்தார்.

மலைக்கு மூன்று டப்பாக்கள். கடைசி முகட்டுக்கு ஆகாய நிறத்திலேயே துளி நீலமும் துளி சாம்பலும். நடு முகட்டுக்கு அதில் கொஞ்சம் பச்சை. முன் சரிவுக்குப் பச்சையும் காவியும், அதிலும் ஒரு கரண்டி ஆகாய நிறம். கருப்பு டப்பாவைத் திறக்கவே இல்லை. தூரத்துப் பொருளுக்கும் நமக்கும் நடுவிலிருக்கும் காற்று நீல ஒளியை அதிகமாகச் சிதறடிக்கிறது, அதனால் தூரத்து மலை நீலமாக வெளுக்கிறது என்று பள்ளியில் படித்தது எனக்கு நினைவிருந்தது. அவருக்கு அந்த விளக்கம் தேவைப்படவில்லை. முன் சரிவிலும் மரம் வரையவில்லை. கடற்பஞ்சைத் தொட்டுத் தொட்டு எடுத்ததோடு சரி.

நான் ஒவ்வொன்றாகக் கேட்டேன், அவர் ஒவ்வொன்றாக மறுத்தார். சரிவில் ஓர் அருவி? வேண்டாம். ரெண்டு பருந்து? வேண்டாம். மேலே ஏறும் ரயிலின் புகையாவது? அதற்குத்தான் நீண்ட பதில் வந்தது. அசைய வேண்டியது எதையும் படத்தில் வைக்கக் கூடாது. பருந்தை முதல் நிமிடம் ரசிப்பார்கள். இரண்டாவது நிமிடம் அது அதே இடத்தில் நிற்பதைப் பார்ப்பார்கள். அத்தோடு ஆகாயமே பலகையாகிவிடும். மேகத்தைக்கூட உருவமில்லாத வெளிறலாகத்தான் விட்டார். சினிமா பேனரில் எதையும் பெரிதாக்கிக் காட்டியே பிழைத்தவர், இங்கே ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே போனதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

தரையும் படமும் சேரும் இடம்தான் கடைசிப் பாடு. ஆறோ ரோடோ பலகையிலிருந்து நேராகப் படத்துக்குள் போனால், ஒரே ஒரு இடத்திலிருந்து பார்ப்பவருக்கு மட்டும் சரியாக இருக்கும். தலையைத் திருப்பினால் ஒடியும். அதனால் கல்லாற்று ஓடையைப் பாலத்துக்குப் பின்னால் வளைத்து ஒளித்தேன். பின் ஓரத்தில் ஒரு வரப்பு எழுப்பி, அதன்மேல் பாக்கு மரங்களைப் பாதி உயரத்தில் நட்டேன். அளவில் சின்ன மரம் தூரத்து மரமாகிவிடும். அவற்றுக்கும் போர்டுக்கும் நடுவில் மூன்று அங்குல இடைவெளி விட்டேன். இல்லாவிட்டால் மரத்தின் நிழல் மலைமேல் விழும். விளக்கை முன்பக்கம் உயரமாக ஏற்றியதும் நிழலெல்லாம் வரப்பிலேயே படுத்துவிட்டது.

இப்போது வருகிறவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து இன்ஜினைப் பற்றிக் கேட்கிறார்கள், பல்சட்டத்தைக் குனிந்து பார்க்கிறார்கள். மலையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. ஓவியரிடம் இதைச் சொன்னபோது கூலி வாங்கியபோதும் காட்டாத சந்தோஷத்தைக் காட்டினார். எதிர்வீட்டுப் பையன் ஒருநாள், வண்டி தோப்புக்குள் மறைந்ததும், "குன்னூர் போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் தாத்தா?" என்று கேட்டான். வண்டி வரப்புக்குப் பின்னால் ஒரு வட்டப் பாதையில் நின்றுகொண்டிருந்தது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றேன்.

அடுத்ததாகப் பாம்பன் பாலத்தைக் கட்டலாம் என்றிருக்கிறேன். இம்முறை இன்ஜின் விலையை விசாரிக்கும் முன்பே ஓவியரைக் கூப்பிட்டேன். அங்கே மலையில்லை, ஒன்றரைக் கை அளக்க எதுவுமில்லை; ஆகாயமும் கடலும் சந்திக்கும் ஒரே கோடுதான். அந்தக் கோடு கண்மட்டத்தில் நிற்க வேண்டும் என்பதால் பலகையின் உயரத்தை அதுவே தீர்மானிக்கும். வருஷத்தையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 1914இல் திறந்த பழைய பாலத்தில் மீட்டர்கேஜ் வண்டி ஓடிய காலம் என்றால் பின்னால் வெறும் கடல். 2025இல் திறந்த புதிய பாலம் தெரிய வேண்டுமென்றால் காட்சியே வேறு. நான் பழையதைத் தேர்ந்தேன். ஓவியர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், அதற்கு அவரும் நானும் ராமேஸ்வரம் போய்த்தான் பதில் எழுத வேண்டும்: காலையில் எந்தப் பக்கக் கடல் வெளுத்திருக்கும்?